மரு அல்ல, காசநோயும் அல்ல: பந்தலூர்த் தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் காலில் குரோமோபிளாஸ்டோமைக்கோசிஸ்

நோயாளி 54 வயதுப் பெண். நீலகிரியின் மேற்குச் சரிவில், பந்தலூர்ப் பக்கம் முப்பது வருடமாகக் கொழுந்து பறிக்கிறார். கவாத்துக் காலத்தில், அதாவது செடியை வெட்டிவிடும் பருவத்தில், மிலாறு (வெட்டிய தேயிலைக் குச்சி) பொறுக்கி வீட்டுக்கு விறகு கட்டுவதும் அவர்தான். வலது காலின் முன்பக்கத்தில், கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே, 9 × 6 செ.மீ. அளவுக்குச் சொரசொரப்பான தடிப்பு. ஆறு வருடமாக ஆறவில்லை. (இது தனியொருவரின் மருத்துவக் குறிப்பு அல்ல. குரோமோபிளாஸ்டோமைக்கோசிஸ் என்ற தோலடிப் பூஞ்சை நோயில் வழக்கமாகக் காணும் கூறுகளையும் தவறுகளையும் சேர்த்துப் பயிற்சிக்காக அமைத்த நிகழ்வு.)

நோயின் தொடக்கம்

எப்படி ஆரம்பித்தது என்று கேட்டதும் தயங்காமல் சொன்னார்: "மிலாறு குத்துச்சு டாக்டரம்மா. கவாத்து வெட்டுன காட்டுல. அன்னைக்கே புடுங்கிப் போட்டுட்டு வேலையப் பாத்தேன்."

"பூட்ஸ் போட்டிருந்தீங்களாம்மா?"

"அது மழைக்கு மட்டுந்தான்."

தொழிலையும் குத்துக் காயத்தையும் சேர்த்துக் கேட்ட இந்த இரண்டு கேள்விகளும் ஆறு வருடத்துச் சீட்டுகளில் ஒன்றிலும் இல்லை. குத்திய இடத்தில் மூன்று மாதம் கழித்துப் பட்டாணி அளவு முண்டு வந்திருக்கிறது. வலி இல்லாததால் அவரும் பொருட்படுத்தவில்லை. முதல் வருடம் மரு என்று சாலிசிலிக் அமிலக் களிம்பு. இரண்டாம் வருடம் மின்சூடு வைத்து இருமுறை கரித்தார்கள். இருமுறையும் தழும்பின் ஓரத்திலேயே புதிய முண்டுகள் கிளம்பின. மூன்றாம் வருடம் மருந்துக்கடையில் வாங்கிய மூன்று மருந்துக் கலவைக் களிம்பு: குளோபெட்டசால் ஸ்டீராய்டு, ஓர் ஆன்டிபயாடிக், ஒரு பூஞ்சை மருந்து. அரிப்பு அடங்கியதால் பத்து மாதம் விடாமல் பூசினார். தடிப்பு இரண்டு மடங்கானது அந்தப் பத்து மாதத்தில்தான்.

ஐந்தாம் வருடம் சதைத்துண்டு எடுத்தார்கள். முழுத்துண்டும் ஃபார்மலினில் போனது. விண்ணப்பத் தாளில் "தோல் காசநோயா?" என்ற ஒரே கேள்வி. அறிக்கையில் "கிரானுலோமா அழற்சி, காசநோயைக் கருத்தில் கொள்க" என்று வந்தது. (கிரானுலோமா என்பது உடலின் தற்காப்புச் செல்கள் கூடிக் கட்டும் முடிச்சு.) நெஞ்சு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் சரியாக இருந்தன. ஆனாலும் ஆறு மாதம் காசநோய் மருந்து கொடுக்கப்பட்டது. ஒரு வேளைகூடத் தவறாமல் சாப்பிட்டார். தடிப்பு அசையவில்லை.

காலில் என்ன இருந்தது

தடிப்பின் மேற்புறம் காலிஃபிளவர் போல மேடும் பள்ளமுமாக இருந்தது. நடுவில் வெளிறிய தழும்பு, ஓரத்தில் முண்டுகள், இடையிடையே பொருக்கு, லேசான நாற்றம். தொட்டால் எளிதில் ரத்தம் கசிந்தது. தொடையிடுக்கில் நெறி கட்டவில்லை, எலும்பு எக்ஸ்ரே இயல்பு. பாதத்தில் உணர்வு சரியாக இருந்தது, நரம்புத் தடிப்பும் இல்லை. ஆகவே தொழுநோய் பட்டியலில் இருந்து விலகியது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், ரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின் 5 மி.கி., வயிற்றெரிச்சலுக்குத் தினமும் பான்டோபிரசோல் சாப்பிட்டு வந்தார். எச்.ஐ.வி. இல்லை.

பொருக்கை உப்புநீரில் ஊறவைத்து மெல்ல அகற்றி, கைலென்ஸ் வைத்துப் பார்த்தபோது முண்டுகளின் மேல் மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளிகள் தெரிந்தன. நோயைக் கண்டுபிடித்தது இந்தப் புள்ளிகளால்தான். அழுக்கு என்று துடைத்துவிடுவதும், உறைந்த ரத்தம் என்று விட்டுவிடுவதும் வழக்கம். உடல் தனக்குள் புகுந்த அந்நியப் பொருளை மேல்தோல் வழியாக வெளியே தள்ளப் பார்க்கிறது. பூஞ்சையும், செத்த செல்களும், சிறிது ரத்தமும் சேர்ந்து அந்த இடத்தில் கரும்புள்ளியாக நிற்கின்றன. நோயுள்ள இடத்தில் பூஞ்சை மிகவும் செறிந்து கிடப்பது அங்கேதான். சுரண்ட வேண்டிய இடமும் அதுவே.

சுரண்டல் பரிசோதனை

இதற்குத் தேவையானவை ஒரு மைக்ராஸ்கோப், கண்ணாடித் தகடு, 15ஆம் எண் பிளேடு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல். 10 கிராம் ஹைட்ராக்சைடை 100 மி.லி. வடித்த நீரில் கரைத்தால் 10 சதவீதக் கரைசல். தடித்த பொருக்குக்கும் நகத்துக்கும் 20 சதவீதம் நல்லது. பிளாஸ்டிக் புட்டியில் வைக்க வேண்டும். கண்ணாடிப் புட்டியில் வைத்தால் மூடி ஒட்டிக்கொள்ளும்.

இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, முழுதும் உலரவிட்டு, பிளேடைச் சாய்த்துப் பிடித்துக் கரும்புள்ளிகளை மட்டும் சுரண்டி எடுக்க வேண்டும். சுற்றியுள்ள வெள்ளைச் செதில் எவ்வளவு எடுத்தாலும் பயனில்லை. சுரண்டியதைத் தகட்டில் வைத்து ஒரு சொட்டுக் கரைசல் விட்டு, மூடுகண்ணாடியால் மூடி 20 முதல் 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். மனிதத் தோலின் கெராட்டின் கரைந்து தெளியும். கைட்டினும் குளுக்கனும் சேர்ந்த பூஞ்சைச் சுவர் கரையாமல் நிற்கும். இந்தச் சோதனை செயல்படுவது இந்த ஒரு வேறுபாட்டால்தான். அவசரமென்றால் தகட்டைத் தீச்சுடருக்கு மேல் இரண்டு மூன்று முறை லேசாகக் காட்டலாம். கொதித்தால் படிகங்கள் உருவாகிப் பார்வையைக் கெடுக்கும். முதலில் 10 மடங்கு லென்ஸில் தேடி, பிறகு 40 மடங்கில் உறுதி செய்ய வேண்டும். மைக்ராஸ்கோப்பின் ஒளியைக் குறைத்து வைத்தால்தான் சுவர்கள் எடுத்துக்காட்டும்.

இவரது தகட்டில் மூன்றாவது பார்வைப்புலத்திலேயே கிடைத்தன: செம்புக் காசு நிறத்தில், தடித்த சுவருள்ள, உருண்டையான செல்கள். தனித்தும் நான்கைந்து சேர்ந்தும் கிடந்தன. ஒவ்வொன்றும் 5 முதல் 12 மைக்ரான். சிலவற்றின் நடுவே குறுக்கும் நெடுக்குமாகத் தடுப்புச் சுவர்கள். ஈஸ்ட் போல அரும்பு விட்டுப் பெருகாமல், ரொட்டியைக் கத்தியால் வகுப்பது போல நடுவே பிளந்து பெருகுகின்றன என்பதற்கு அந்தத் தடுப்புச் சுவரே அடையாளம். ஸ்கிளெரோட்டிக் செல் என்றும், மெட்லர் உருண்டை என்றும் இவற்றைச் சொல்வார்கள். 1915இல் பாஸ்டனில் ஒரு நோயாளியிடம் இந்த நோயை மெட்லரும் லேனும் விவரித்ததால் வந்த பெயர் அது. உறைந்த ரத்தத் துணுக்கும் பழுப்பாகவே தெரியும்; அதற்குச் சீரான சுவரோ நடுத்தடுப்போ இருக்காது. காற்றுக் குமிழியின் விளிம்பு ஃபோகஸை நகர்த்தினால் கறுத்து ஒளிரும். பஞ்சு நாருக்குக் கிளையும் தடுப்பும் கிடையாது. புதிதாகப் பார்ப்பவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த மூன்றில்தான்.

அரை மணி நேரத்தில் நோய் தெரிந்துவிட்டது. ஆறு வருடம் முன்பே செய்திருக்கலாம்.

பூஞ்சை என்ற உயிர்

இங்கே அடிப்படையைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். பூஞ்சை பாக்டீரியா அல்ல. மனித செல்லைப் போல உட்கரு உள்ள உயிர். அதனால்தான் பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் இதைத் தொடுவதில்லை. பூஞ்சையைக் கொல்லும் மருந்துகளில் பல நம் கல்லீரலையும் உரசிப் பார்க்கின்றன. நம் செல்சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்கும் இடத்தில் பூஞ்சைக்கு எர்கோஸ்டெரால் இருக்கிறது. பெரும்பாலான மருந்துகள் குறிவைப்பது அந்த ஒரு வேறுபாட்டைத்தான்.

உருவத்தில் இரண்டு வகை. அரும்பி அரும்பிப் பெருகும் ஒற்றைச் செல் ஈஸ்ட், கேண்டிடா அப்படி. இழை இழையாக வளரும் மோல்டு. ஊறுகாய் மேல் படரும் பூசணம் அப்படி. சூழலில் இழையாகவும் உடலின் 37 டிகிரியில் ஈஸ்டாகவும் மாறும் இருவடிவப் பூஞ்சைகளும் உண்டு. ஸ்போரோத்ரிக்ஸ் அதில் ஒன்று. எவ்வளவு ஆழம் போகிறது என்பதை வைத்து நோயைப் பிரிக்கிறோம். தேமல் தோலின் மேலடுக்கோடு நின்றுவிடும். படர்தாமரையும் நகச்சொத்தையும் கெராட்டினைத் தின்று வாழும். குத்துக் காயத்தோடு உள்ளே போய்த் தோலடியில் தங்குபவை மூன்றாம் வகை. நுரையீரல் வழியாகவோ, எதிர்ப்புச் சக்தி குறைந்த உடலிலோ உள்ளுறுப்புகளைப் பிடிப்பவை அதற்கும் அப்பால்.

இவர் காலில் இருந்தது மூன்றாம் வகை. அதிலும் கரும்பூஞ்சை. இந்தச் சொல்லில் ஒரு குழப்பத்தைத் தீர்த்தாக வேண்டும். 2021இல் கொரோனாவை ஒட்டிப் பத்திரிகைகள் "கருப்புப் பூஞ்சை" என்று எழுதியது மியூகோர்மைக்கோசிஸை. அந்தப் பூஞ்சையின் இழைக்கு நிறமே கிடையாது. ரத்தக் குழாயை அடைத்துச் சதை செத்துக் கறுப்பதால் வந்த பெயர். தன் செல்சுவரிலேயே மெலனின் நிறமி கொண்ட உண்மையான கரும்பூஞ்சைகள் இங்கே சொல்பவை. மட்கும் மரத்திலும் மண்ணிலும் காய்ந்த முள்ளிலும் இழையாக வாழ்கின்றன. உடலுக்குள் போனதும் தடித்த உருண்டைகளாக மாறிவிடுகின்றன. வெள்ளணுக்கள் வீசும் ஆக்சிஜன் நஞ்சை மெலனின் தாங்கிக்கொள்வதால் கொல்லவும் முடியாமல், வெளியேற்றவும் முடியாமல் உடல் வருடக்கணக்கில் போராடுகிறது. அந்தப் போராட்டம்தான் மேலே தெரியும் தடிப்பு.

ஒரே கரும்பூஞ்சைக் கூட்டம் திசுவுக்குள் எந்த உருவத்தில் இருக்கிறது என்பதை வைத்தே நோயின் பெயரும் மருத்துவமும் மாறும். உருண்டையாக இருந்தால் குரோமோபிளாஸ்டோமைக்கோசிஸ். இழையாக இருந்தால் ஃபியோஹைஃபோமைக்கோசிஸ். குருணை குருணையாகச் சீழோடு வெளிவந்தால் மைசெட்டோமா. 1842இல் மதுரையில் ஜான் கில் விவரித்த "மதுரைக் கால்" அந்த மூன்றாவதுதான். ஆனால் மைசெட்டோமாவைப் பூஞ்சை மட்டுமல்ல, இழை போன்ற பாக்டீரியாவும் உண்டாக்கும். அதற்கு ஆன்டிபயாடிக்தான் மருந்து. ஆகவே குருணையைப் பார்க்காமல் மருந்து எழுதக் கூடாது.

பழைய சிலைடு

முந்தைய சதைத்துண்டின் சிலைடை வாங்கி மறுபடி பார்த்தபோது, மேல்தோல் புற்றுநோயோ என்று ஐயுறும் அளவுக்குக் கீழ்நோக்கித் தடித்திருந்தது. அதன் அடியில் சீழ்த் திட்டுகள், அவற்றைச் சுற்றிக் கிரானுலோமா. ஒரு ராட்சதச் செல்லுக்குள் இரண்டு பழுப்பு உருண்டைகள். அவை அன்றும் அங்கேதான் இருந்தன. யாரும் பூஞ்சையைக் கேட்காததால் யாரும் தேடவில்லை. கிரானுலோமா என்றால் நம் ஊரில் காசநோய் என்று கை தானாக எழுதிவிடுகிறது.

இதில் நுட்பமான ஒன்று: மெட்லர் உருண்டைகளுக்குச் சிறப்புச் சாயம் தேவையில்லை. வழக்கமான ஹெமடாக்சிலின் - இயோசின் சாயத்திலேயே தம் இயல்பான பழுப்பில் தெரியும். வெள்ளிச் சாயம் போட்டால் எல்லாம் கறுத்து அந்தப் பழுப்பு மறைந்துவிடும்.

கல்ச்சர்

கல்ச்சர் என்றால் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை. இம்முறை கரும்புள்ளி உள்ள ஓரத்தில் இரண்டு துண்டு எடுக்கப்பட்டன. ஒன்று ஃபார்மலினில் நோயியலுக்கு. மற்றது கிருமி நீக்கிய உப்புநீரில் நுண்ணுயிரியலுக்கு. ஃபார்மலினில் விழுந்த துண்டில் எந்தப் பூஞ்சையும் வளராது, எல்லாம் செத்துப்போகும். உப்புநீர்ப் புட்டியின் மேல் "பூஞ்சைக் கல்ச்சர், காசநோய்க் கல்ச்சர்" என இரண்டும் எழுதப்பட்டன. காசநோய் மூலக்கூறுச் சோதனையில் ஒன்றும் வரவில்லை.

துண்டைப் பொடியாக நறுக்கி பூஞ்சை வளர்க்கும் சபூரோ அகார் ஊட்டக்கூழில் இட்டார்கள். ஒரு குழாயில் பாக்டீரியாவைத் தடுக்கும் குளோராம்ஃபெனிகால் மட்டும், இன்னொன்றில் வேண்டாத பூசணத்தைத் தடுக்கும் சைக்ளோஹெக்சிமைடும் சேர்த்து. அறை வெப்பத்தில் வளர்க்க 25 முதல் 30 டிகிரி. ஒரு வாரத்தில் ஒன்றும் வரவில்லை என்று குழாயைத் தூக்கிப் போட்டுவிடுவது பல இடங்களில் நடக்கும் தவறு. இவரது குழாயில் 11ஆம் நாள் கரும்பச்சைப் புள்ளி தெரிந்தது. நான்காம் வாரம் வெல்வெட் போன்ற கறுத்த பச்சைக் குடியிருப்பு, பின்பக்கம் தார் நிறம். ஆறு வாரம் வைத்துப் பார்த்துத்தான் "வளரவில்லை" என்று எழுதலாம்.

சிலைடு கல்ச்சரில் லாக்டோஃபீனால் காட்டன் புளூ சாயமிட்டுப் பார்த்ததில் ஃபொன்சீசியா என்ற கரும்பூஞ்சை என்று தெரிந்தது. அதன் உட்பிரிவையும் சேர்த்துப் பெட்ரோசோய் என்று எழுதக் கை பரபரக்கும். ஆனால் பெட்ரோசோய், நூபிகா, மோனோஃபோரா மூன்றும் பார்வைக்கு ஒன்றே. மரபணு வரிசை பார்க்காமல் பிரிக்க முடியாது. அறிக்கை "ஃபொன்சீசியா இனம்" என்றே போனது. மருத்துவம் அதனால் மாறப்போவதில்லை.

ஸ்போரோத்ரிக்ஸ் பூஞ்சை தரும் ஸ்போரோட்ரைக்கோசிஸாக இருந்திருந்தால் வழி வேறு. அதில் முண்டுகள் நிணநீர்க் குழாய் வழியே மணி கோத்தாற்போல் மேலேறும், சுரண்டலில் பூஞ்சை கிடைப்பது அரிது, கல்ச்சர்தான் பேசும்.

மருந்தும் வழியில் வந்த சிக்கலும்

இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்து 200 மி.கி. காலையும் இரவும். தொடங்கும் முன் நான்கு விஷயம் பார்க்கப்பட்டன. முதலாவது, காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின். நிறுத்தி 19 நாள் ஆகியிருந்தது. அது கல்லீரல் நொதிகளை முடுக்கி இட்ராகோனசோலை ரத்தத்தில் நிற்கவே விடாது. நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் அந்த வேகம் இருக்கும். இரண்டாவது, பான்டோபிரசோல். கேப்சூல் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். எனவே அதை நிறுத்தி, சாப்பாடு முடித்த கையோடு கேப்சூலைச் சாப்பிடச் சொல்லப்பட்டது. (திரவ வடிவத்துக்கு இது நேர்மாறு; வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும்.) மூன்றாவது, இதயத்தின் எக்கோ ஸ்கேன். இதயச் செயலிழப்பு இருந்தால் இந்த மருந்து கூடாது. நான்காவது, கல்லீரல் சோதனை. முதலில் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை. கேப்சூலுக்குள் இருக்கும் மணிகளின் தரம் கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால், ஒரே தயாரிப்பையே தொடர்ந்து வாங்கும்படி கடையிலும் எழுதிக் கொடுக்கப்பட்டது.

ஐந்தாவது விஷயம் கவனத்தில் இருந்து நழுவியது: அம்லோடிபின். மூன்றாம் வாரம் இரண்டு கணுக்காலும் வீங்கி வந்தார். நோயினால் நிணநீர் அடைபட்டதோ என்று முதலில் தோன்றியது. நிணநீர் அடைப்பென்றால் வலது கால் மட்டுமே வீங்க வேண்டும். இரண்டும் வீங்கினால் மருந்தைச் சந்தேகிக்க வேண்டும். பூஞ்சையில் எர்கோஸ்டெரால் தயாராவதை இட்ராகோனசோல் தடுப்பது ஒரு சைட்டோகுரோம் நொதியை மடக்கித்தான். அதே குடும்பத்து 3ஏ4 நொதி நம் கல்லீரலில் அம்லோடிபினை அப்புறப்படுத்துகிறது. அதுவும் மடங்கிப்போனதால் 5 மி.கி. அம்லோடிபின் அதைவிடப் பெரிய அளவாக வேலை செய்திருக்கிறது. எக்கோவும் பொட்டாசியமும் சரியாக இருந்தன. அம்லோடிபினை நிறுத்தி வேறு ரத்தக் கொதிப்பு மருந்தான டெல்மிசார்ட்டன் கொடுத்ததும் பத்து நாளில் வீக்கம் வடிந்தது. கொலஸ்ட்ராலுக்குச் சிம்வாஸ்டாட்டின் சாப்பிடுபவர்களிடமும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். அங்கே தசை சிதையும் ஆபத்து உண்டு.

மூன்றாம் மாதம் தடிப்பு பாதியாகத் தாழ்ந்தது. நாற்றமும் ரத்தக் கசிவும் நின்றன. நான்காம் மாதம் முதல், எஞ்சிய முண்டுகளுக்குத் திரவ நைட்ரஜன்: 30 விநாடி உறையவைத்து, முழுதும் இளகவிட்டு, மறுபடி 30 விநாடி. நான்கு வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் ஐந்து முறை. இதற்காக மட்டும் கூடலூர் வழியாக உதகைக்குப் பஸ் ஏறி வந்தார். ஒரு நாள் கூலி போகும் என்று தெரிந்தும் ஒருமுறைகூடத் தவறவில்லை. மருந்து உடலில் நின்ற பிறகே உறையவைத்தது முக்கியம். முன்பு மருந்துக் காப்பு இல்லாமல் மின்சூடு வைத்ததால்தான் ஓரத்தில் புதிய முண்டுகள் வந்திருக்க வேண்டும். 2 செ.மீ. அளவிலேயே கண்டிருந்தால் சுற்றிலும் நல்ல தோலோடு வெட்டி எடுத்தே முடித்திருக்கலாம். இட்ராகோனசோல் ஒத்துவராதவர்களுக்கு டெர்பினாஃபின் தினம் 500 மி.கி. ஒரு மாற்று.

எட்டாம் மாதம் "ஆறிடுச்சு, போதும்" என்று மாத்திரையை நிறுத்தப் பார்த்தார். மேலே வழவழப்பான தழும்பு. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அன்று லென்ஸில் மேல் ஓரத்தில் இரண்டு கரும்புள்ளி தெரிந்தன. சுரண்டித் தகட்டில் வைத்து அவரையே மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார்கள். பழுப்பு உருண்டைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னும் எத்தனை மாசம்?" என்று மட்டும் கேட்டார். மொத்தம் 14 மாதம் ஆனது. நிறுத்தும் முன் மூன்று இடத்தில் சுரண்டியதிலும், ஒரு சதைத்துண்டிலும், கல்ச்சரிலும் பூஞ்சை இல்லை.

அவர் வாழும் லைனுக்கு (தோட்டக் குடியிருப்புக்கு)

இது ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. வீட்டில் தனித் தட்டு, தனிப் படுக்கை எதுவும் தேவையில்லை. ஆனால் ஒரே கவாத்துக் காட்டில் வேலை செய்பவர்களுக்கு ஒரே ஆபத்து. வெயில் நாளிலும் முழங்கால் வரை பூட்ஸ். மிலாறு கட்டும்போது கையுறை. குத்தினால் துணுக்கை முழுதும் எடுத்து, ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். குத்திய இடத்தில் ஒரு மாதம் தாண்டியும் முண்டு இருந்தால், கடைக் களிம்பு எதுவும் பூசாமல் காட்ட வேண்டும். பூசிவிட்டு வந்தால் சுரண்டலில் பூஞ்சை அகப்படுவதும் கடினமாகிறது. உலக சுகாதார நிறுவனம் 2017இல் இந்த நோயைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. நீண்ட நாள் விட்டுவைத்தால் கால் யானைக்கால் போல வீங்கலாம். வருடங்கள் கழித்து அதே தழும்பில் செதில்செல் புற்றுநோய் வரலாம். சிகிச்சைக்குப் பிறகும் தழும்பில் புதிதாகப் புண் வந்தால் சுரண்டலோடு நிற்காமல் சதைத்துண்டும் எடுக்க வேண்டியது அதனால்தான்.

இவருக்கு அடுத்த இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனை. பார்க்க வேண்டிய இடம் நடுத்தழும்பு அல்ல, மேல் ஓரம். அந்த இடத்தை மகளுக்கும் பேனாவால் குறித்துக் காட்டியிருக்கிறது.